ஒன்றரைச் சாண்

சின்ன எழுத்து எனக்குத் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். மருந்துச் சீட்டு வந்தால் யாராவது எனக்குப் படித்துக் காட்டுவார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். உண்மையில் என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வயதானவனுக்குப் படித்துக் காட்டுவதில் பிள்ளைகளுக்கு ஒரு திருப்தி. அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நாற்காலி போதும். முதுகுக்குத் தலையணை வேண்டாம், நான் சாய்ந்து உட்காருகிறவன் அல்ல. உங்கள் எழுத்தரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் ஒரு வாக்கியத்தை முழுதாக யோசித்த பிறகே வாயைத் திறப்பேன். அடித்துத் திருத்த வேண்டி வராது.

என் மருமகளின் கருவியை உறையில் போட்டு முத்திரை வைத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஒரு வாரமாக ஊரே அதைத் திட்டுகிறது. "இந்தக் கால்குலேட்டரை எல்லாம் நம்பித் துப்பாக்கியைத் தூக்கினா இப்படித்தான்" என்று எங்கள் துப்பாக்கிச் சங்கத்துச் செயலாளர் என்னிடமே வந்து சொன்னார். அவர் ஆயிரம் மீட்டரில் குறிப்பலகையைத் தொட்டு எட்டு வருடமாகிறது. அதற்கும் அந்தக் கருவிதான் காரணம் போலிருக்கிறது.

நீங்களும் துப்பாக்கி வைத்திருக்கும் துறைதான். ஆனால் உங்கள் தூரம் வேறு, எங்கள் தூரம் வேறு. ஐம்பது மீட்டரில் குண்டு நேராகப் போகும். ஆயிரம் மீட்டரில் அது வீசியெறிந்த கல்லைப் போல வளைந்து விழும். எவ்வளவு விழும் என்று தெரிந்தால் அந்த அளவுக்குக் குழலை மேலே தூக்கிச் சுடலாம். துப்பாக்கியின் தொலைநோக்கியில் அதற்கொரு குமிழ் இருக்கிறது. திருப்பினால் ஒவ்வொரு க்ளிக்காக ஏறும். எத்தனை க்ளிக் என்பதுதான் எங்கள் வித்தை முழுவதும். முன்பெல்லாம் அதை நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தோம். இப்போது இந்தக் கருவி சொல்கிறது. குழலை விட்டுப் புறப்படும் குண்டின் வேகம், தூரம், காற்றின் அழுத்தம், வெயிலின் அளவு எல்லாவற்றையும் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் விடை வரும்.

நான் அதற்கு ஜோசியர் என்று பெயர் வைத்தேன்.

"என்னம்மா, உன் ஜோசியர் இன்னிக்கு என்ன சொல்றார்?"

"ஜோசியர் இல்ல மாமா, கணக்குப்பிள்ளை. நாம எதைக் குடுக்கிறோமோ அதைத்தான் கூட்டிக் கழிச்சுச் சொல்லும்."

என் மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் தந்தையும் நானும் பிடித்த துப்பாக்கி என் மகன் கையில் நிற்கவில்லை. அவனுக்கு ஒரு பூச்சியைக் கொல்லவும் மனம் வராது, தேனீ வளர்க்கிறான். அதனால் துப்பாக்கி மருமகளுக்குப் போயிற்று. வந்த இரண்டாம் வருடமே சங்கத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நான் அவளைப் பாராட்டியதில்லை. வீட்டுப் பெண்ணை வீட்டார் பாராட்டுவது அழகல்ல. ஆனால் அவள் சுடும்போது பின்னால் நின்று பார்ப்பேன், என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

சங்கத்தின் சுடுதளத்தை அமைத்தவர் என் தந்தை. சுடுமேடையின் பக்கத்தில் ஒரு கருங்கல் நட்டிருக்கிறது. 'ஆயிரம் மீட்டர்' என்று வெட்டி, அதன் கீழே, இந்தத் தூரத்தில் அவர் தொடர்ந்து பத்துக் குண்டுகளைக் கருவட்டத்தில் போட்ட தேதியையும் வெட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அந்தக் கல்லோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. கல்யாணப் பேச்சில்கூட எங்களை 'ஆயிரம் மீட்டர்க் குடும்பம்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள்.

அந்தக் கல்லோடுதான் ஜோசியருக்குத் தகராறு வந்தது.

அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்துக் கேட்டாள். ஆயிரம் மீட்டருக்கு நூற்றுப் பதினெட்டு க்ளிக் வை என்றது கருவி. வைத்துச் சுட்டாள். குண்டு பலகைக்கு மேலே பறந்து மண்மேட்டில் புதைந்தது. பலகையடியில் பள்ளத்தில் இருக்கும் கொடிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, மேகம் தப்பிச்சுடுச்சு. மண்மேடுதான் மாட்டிக்கிச்சு."

"எவ்வளவு மேல போச்சுண்ணா?"

"என்னை நிக்க வச்சு, என் தலையில ஒரு குடத்தை வச்சா, குடத்துல பட்டிருக்கும். இதுக்கு மேல என்கிட்ட அளவுகோல் இல்ல."

நூற்று ஒன்பது க்ளிக் வைத்தபோதுதான் நடுவில் விழுந்தது. ஒன்பது க்ளிக் வித்தியாசம். ஒரு நாள் அல்ல, ஆறு வாரம், வெயிலிலும் தூறலிலும் அதே ஒன்பது. மற்றவர்களாக இருந்தால் கருவியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால், உலகத்தில் பாதிப் பேர் செய்வதைப் போல, விடை ஒத்துவரும்வரை குண்டின் வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"அளந்த வேகத்தை நான் மாத்த மாட்டேன் மாமா. விடைக்காக வினாவைத் திருத்துற பசங்களுக்கு நான் மார்க் போடறதில்ல" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "கணக்கு சரியாத்தான் இருக்கு. தூரம்தான் தப்புன்னு நினைக்கிறேன்" என்றாள்.

"எந்தத் தூரம்?"

"நம்ம தூரம். தொள்ளாயிரத்து ஐம்பத்திநாலுன்னு குடுத்தா, சரியா நூத்தி ஒன்பது வருது."

நான் சிரித்தேன். "கல்லு சுருங்கிடுச்சாம்மா?"

அவளும் சிரித்துவிட்டாள். நான் மட்டும் உள்ளே சிரிக்கவில்லை. தொள்ளாயிரத்து ஐம்பத்திநாலு மிகச் சரி. அளந்த சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவன் நான். அதற்கு மேலே பாறை தடுத்தது, மண்மேட்டை அதற்கு முன்னாலேயே கட்ட வேண்டியதாயிற்று. அதற்குள் கல்லில் ஆயிரம் வெட்டியாகிவிட்டது. "பாறைக்காகக் கல்லை மாத்த முடியுமா?" என்றார் தந்தை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பத்துக் குண்டும் கருவட்டத்தில் விழுந்தது உண்மை. அதைப் பொய் என்று யார் சொல்ல முடியும்?

அன்றுதான் இந்தக் கருவியின்மேல் எனக்கு மரியாதை பிறந்தது. ஐம்பது வருடமாக ஒரு மனிதனுக்கும் தோன்றாத சந்தேகம் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குத் தோன்றிவிட்டது. மரியாதை வேறு, வீட்டுக்குள் விடுவது வேறு.

அவள் லேசர் தூரமானி வாங்கலாம் என்றாள். சங்கத் தலைவர் என்ற முறையில், கல் இருக்கும்போது கருவி எதற்கு என்று மறுத்தேன். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாள். அந்தப் படத்தில் எங்கள் பக்கம் மேகம் மூடியே கிடந்தது, அந்த மட்டில் மேகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கடைசியில் துப்பாக்கிச் சங்கங்களின் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதி நில அளவைக்காரரை வரவழைப்பது என்று தீர்மானித்தாள். எழுதிய கடிதத்தை அனுப்புமுன் என்னிடம் கொண்டுவந்தாள். அதுதான் அவளுடைய குணம்.

"கடைசியா ஒரே ஒரு தடவை குண்டோட வேகத்தை அளந்துடலாம் மாமா. தப்பு என் பக்கம் இருந்தா, தாத்தா நட்ட கல்லை ஏன் குறை சொல்லணும்?"

"நியாயம்" என்றேன்.

வேகம் அளக்கும் மானி சங்கத்தில் ஒன்று இருக்கிறது. குழலுக்கு முன்னால் வைத்துச் சுட்டால் குண்டின் வேகம் திரையில் தெரியும். பழைய மாதிரி. கடைசியாகச் சுட்டதை மட்டும்தான் காட்டும், அடுத்தது வந்ததும் முந்தியதை மறந்துவிடும். நல்ல குணம். படுத்துச் சுடுகிறவளால் அதைப் பார்க்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும்.

"நீங்களே படிங்க மாமா. இதுல எழுத்து பெரிசு, உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அளப்பதற்கு முன்தினம் மதியம் அவள் பள்ளியில் இருந்தபோது கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. எழுத்து சின்னதுதான், ஆனால் தெளிவு. அவள் கொடுத்திருந்த வேகம் வினாடிக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அதை ஏற்றிக்கொண்டே போனேன். எண்ணூற்று நாற்பத்திரண்டு என்று கொடுத்தபோது, ஆயிரம் மீட்டருக்கு நூற்று ஒன்பது க்ளிக் என்றது ஜோசியர். ஆக, முப்பது. பழையபடி எண்ணூற்றுப் பன்னிரண்டை வைத்து, இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டேன். அடுத்தவர் பொருளை எடுத்தால் எடுத்தபடியே வைக்க வேண்டும்.

மறுநாள் அவள் பத்து முறை சுட்டாள். எண்ணூற்றுப் பதினான்கு என்று திரை காட்டினால் எண்ணூற்று நாற்பத்திநான்கு என்றேன். எண்ணூற்றுப் பத்து என்றால் எண்ணூற்று நாற்பது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஏழாவதில் அவள் தலையைத் தூக்கி, "நிஜமாவா?" என்றாள். "நீயே வந்து பாரேன்" என்றேன். மாமனார் பேச்சைச் சரிபார்க்க எழுந்து வருகிறவள் அல்ல அவள். அது தெரிந்துதான் சொன்னேன்.

சராசரியைக் கருவியில் அவளே பதிந்தாள். சுட்டாள். நூற்று ஒன்பது க்ளிக், நடுக் கருவட்டம்.

போன தடவை அளந்தபோது மானியில் மின்கலம் தீர்ந்திருக்க வேண்டும் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். கெட்டிக்காரர்களை ஏமாற்றுவது சுலபம், பாதி வேலையை அவர்களே செய்துவிடுவார்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கல்லு சரி. நான்தான் தப்பா அளந்துட்டேன். மாமாகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றாள். நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். கொடிக்காரர் கைதட்டினார்.

இதுவரை யாருக்கும் ஒரு கீறல் கிடையாது என்பதை எழுத்தர் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் சங்கத்தில் நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் என்று இரண்டே தூரம். நூறில் வேகம் முப்பது கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. ஆயிரத்தில் ஒரு பொய்யும் இன்னொரு பொய்யும் கைகோத்து உண்மையாகிவிட்டன. அந்த இரண்டு தூரத்துக்குள் அவள் ஆயுள் முழுவதும் சுட்டுக்கொண்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. கரடிக்கு அது தெரியவில்லை.

எங்கள் வீட்டு முற்றம் பள்ளத்தாக்கைப் பார்த்தது. எதிர்ச் சரிவில் என் மகனின் தேன்பெட்டிகள். கண்ணுக்கு எதிரே தெரியும், ஆனால் சுற்றிக்கொண்டு நடந்தால் இரண்டு மணி நேரம். போன செவ்வாய் காலை அவன் அங்கே போயிருந்தான். கரடி வந்தது. ஓடும்போது கால் இடறிப் பாறைகளின் நடுவில் விழுந்தான், பெட்டிகளின் வரிசை அவன்மேல் சரிந்தது. ஒன்று அவன் காலை அழுத்திக்கொண்டது. கரடி அவனுக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்ன ஆரம்பித்தது. முற்றத்திலிருந்து தொலைநோக்கியில் எல்லாம் தெரிந்தது. அவன் அசையாமல் கிடந்தான். நான்கு பெட்டிகள். நான்காவது அவன் கால்மேல் இருந்தது.

வனக்காவலர் எங்கள் முற்றத்துக்கு ஓடி வந்தார். அவரும் எங்கள் சங்கத்து உறுப்பினர்தான். வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டார், கரடி தலையைக்கூடத் திருப்பவில்லை. மேலதிகாரியிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கினார். அந்த வாரம்தான் துறை கொடுத்த அவருடைய தொலைநோக்கியில் லேசர் உண்டு. "எழுநூத்தி நாலு" என்றார். மருமகள் அதற்குள் படுத்துவிட்டாள். காற்று இல்லை. கரடி மூன்றாவது பெட்டியில் இருந்தது.

கருவியைப் பார்த்தாள். "அறுபத்திமூணுன்னு சொல்லுது."

குமிழைத் திருப்பினாள். அறுபத்துமூன்று க்ளிக் என் காதில் விழுந்தது. சரியான எண் அறுபத்தெட்டு. அந்த மூன்று மணி நேர மதியத்தில் எல்லாத் தூரத்துக்கும் இரண்டு வேகத்தையும் போட்டுப் பார்த்திருந்தேன், வேலையென்று வந்தால் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஐந்து க்ளிக் குறைவு. எழுநூறு மீட்டரில் ஐந்து க்ளிக் என்றால் குண்டு ஒன்றரைச் சாண் கீழே விழும்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மாமா, இந்தத் தூரத்துல நான் சுட்டதே இல்ல. இதை நம்பலாமா?"

உங்களுக்கு இந்த இடத்தில் கோபம் வருவது தெரிகிறது. ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். "ஐந்து கூட்டி வை" என்று நான் சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பாள். அவள் கேட்காவிட்டாலும் குண்டு சரியாகப் போய் விழுந்த பிறகு கேட்டிருப்பாள். கணக்கு டீச்சர் அல்லவா. ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முப்பது வரும். முப்பது எங்கிருந்து என்றால் கல் வரும். பக்கத்தில் வனக்காவலர் வேறு நிற்கிறார். அவர் வாயில் ஒரு சொல் விழுந்தால் ஊர் முழுக்க ஒலிபெருக்கி வேண்டாம்.

நானும் சும்மா இருக்கவில்லை, மனதில் கணக்குப் போட்டேன். உட்கார்ந்த கரடியின் உடம்பு நான்கு சாணுக்குக் குறையாது. நடுவில் குறிவைத்தால் ஒன்றரைச் சாண் கீழே போனாலும் கரடிக்குள்தான் போகும். வயிற்றில் பட்டாலும் கரடி கரடிதானே. என் கணக்கில் பிசகு இல்லை.

"நம்பும்மா. அது பொய் சொல்லாது" என்றேன்.

அவள் நடுவில் வைக்கவில்லை. இதயத்துக்கு வைத்தாள். கரடிக்கு இதயம் மார்பின் அடியில், முன்கால்களை ஒட்டி இருக்கிறதாம். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது என் பிழை, மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். குண்டு கரடியின் காலடி வழியாகப் போய் என் மகனின் வலது முழங்காலில் இறங்கியது.

இரண்டு வேட்டுக்கு அசையாத கரடி அவன் போட்ட அலறலில் ஓடிவிட்டது. அந்த வகையில் சுட்டது வீண் இல்லை என்று வனக்காவலரிடம் சொன்னேன். அவர் அதற்குள் எதிர்ச் சரிவுக்கு ஓட ஆரம்பித்திருந்தார்.

முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மகன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "சுட்டவளே கட்டும் மாத்தறா. யாருக்கு அமையும் இப்படி, சொல்லுங்கப்பா" என்றான். அவனுக்கு எப்போதும் விளையாட்டுதான். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை என்று தாதி சொன்னாள். "கை நடுங்கியிருக்கும், நான்தான் காரணம்" என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாமே. அவள் கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பாறை மாதிரி இருந்தது. நேற்று மகனிடம், அவன் எழுந்து நடக்கும் வரைக்கும்தான் இருப்பதாகவும், அதற்குப் பிறகு இந்த வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறாள். அவன் அதற்கு, "அப்ப நான் நடக்கவே மாட்டேன்" என்றானாம்.

உங்கள் அறிக்கையில் சுட்டவரின் கவனக்குறைவு என்று வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். உரிமம் பறிபோகும், வழக்கும் வரும், பள்ளி வேலையும் நிற்காது. ஆயிரம் மீட்டர்க் குடும்பத்து மருமகள் குறி தவறியவள் என்று அரசாங்கத் தாளில் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கூடவே இன்னொன்றும் கேள்விப்பட்டேன். கருவியைச் சோதிப்பதற்காகத் திங்கட்கிழமை எங்கள் சுடுதளத்துக்கு அளவைக்காரரோடு வரப்போகிறீர்களாம். ஒரு முழுநாள் வேலை. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றுதான் நானே புறப்பட்டு வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பத்து முறை முப்பது கூட்டிச் சொன்னவன் நான். தெரிந்தே ஒரு முறை நம்பு என்று சொன்னவனும் நான். யாரும் தூண்டவில்லை, சுயநினைவோடு செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். இவ்வளவு தெளிவாக நான் ஒப்புக்கொண்ட பிறகு தளத்தை அளக்க ஒரு அவசியமும் இல்லை. கல்லைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு எழுதினாலும் வாக்குமூலம் முழுமையாகவே இருக்கும், நான் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், எத்தனை வருடம் வேண்டுமானாலும் வையுங்கள். மருமகளிடம் மட்டும் கருவிக் கோளாறு என்று சொல்லுங்கள். அதற்கு மானமும் இல்லை, குடும்பமும் இல்லை, எவ்வளவு பழியையும் தாங்கும். அவள் என் வாய்ச்சொல்லை அப்படியே நம்புகிறவள். அந்த நம்பிக்கைக்கு என்னால் ஒரு குறையும் வந்ததில்லை.